கடிதம் படித்தோம்

இது நடந்தது தொண்ணூற்று நான்கிலா ஐந்திலா என்பதில் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. கடும் வெயில் காலம், கரண்டு போயிருந்தது, புதன்கிழமை. இந்த மூன்றையும் அடித்துச் சொல்லலாம். மற்றதையெல்லாம் லோகப்பிரியாவின் வாயிலிருந்து இரண்டு தடவை, இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை, அந்த அட்டைக் கோப்பைத் தானாகவே எழுந்து போய் எடுத்து வந்ததாகச் சொன்னாள். இன்னொரு தடவை, அப்பா கேட்ட பிறகுதான் எடுத்தேன் என்றாள். எது சரி என்று அவளுக்கே மறந்து போயிருக்கலாம். இங்கே நான் எழுதுவது, நான் கேட்காமலே அவள் சொன்ன விதம்.

பல்லடத்தில் அவளுடைய அப்பா வெள்ளியங்கிரிக்குப் பதினாறு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்த வீட்டில் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள். கரண்டு போனால், அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று கூச்சப்பட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். லோகப்பிரியா கரண்டு போவதற்காகவே காத்திருப்பாள். போன உடனே ஜன்னலோரம் போய் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துக்கொள்வாள். பி.காம். முடித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இருபத்தேழு வயது. தெரிந்தவர்கள் கொண்டு வந்த இடமெல்லாம் தீர்ந்து போய், பேப்பரில் விளம்பரம் கொடுத்துப் பார்ப்போம் என்ற நிலைக்கு வெள்ளியங்கிரி வந்திருந்தார்.

விளம்பரத்தை அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். சாதி, கூட்டம், வயது, படிப்பு, நட்சத்திரம். கடைசியில் இரண்டு வார்த்தைகளைத் தானாகச் சேர்த்தாள்.

"அதென்ன அம்மணி, 'வாசிப்பில் விருப்பம்'? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க லைப்ரரி வெக்கறதுக்கா பொண்ணு தேடறாங்க?"

"இருந்துட்டுப் போகட்டுங்கப்பா."

"இருந்துட்டுப் போகட்டும். நமக்கென்ன."

பெயர் போடாமல் பெட்டி எண் போட்டு வந்த விளம்பரம். மூன்று வாரம் கழித்துப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய பழுப்புக் கவர் வந்தது. உள்ளே இருபத்து மூன்று கவர்கள்.

வெள்ளியங்கிரிக்குக் கண்ணாடி போட்டாலும் கையால் எழுதியது கண்ணில் நிற்காமல் ஓடும். அதனால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு கவரையும் லோகப்பிரியா பிரிக்க வேண்டியது. ஜாதகத்தை எடுத்து மேலே நம்பர் போட வேண்டியது. கூட வந்த கடிதத்தை அதன் பின்னால் குண்டூசியால் குத்தி அட்டைக் கோப்பில் வைக்க வேண்டியது. ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் பங்காளி முறை ஆகிவிடும், அவற்றை அப்போதே கழித்துவிட வேண்டும். மிச்சத்தை அவர் ஜோசியரிடம் கொண்டு போவார். "சாதகம் சேந்துச்சுன்னா கடுதாசியப் படிக்கலாம். சேரலைன்னா அது வெறுங்கதை, அதப் படிச்சு என்னத்துக்காகுது?" என்பார்.

அவள் பிரிக்கும்போது அம்மா சாமியாத்தாள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கடிதத்தின் முதல் வரியையும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது லோகப்பிரியாவின் விளையாட்டு. ஒருவர் ஆழ்துளைக் கிணற்றில் தொடங்கியிருந்தார்: அறுநூறு அடி, தண்ணீர் வற்றியதே இல்லை.

"தண்ணி வத்தாத தோட்டமா? நல்ல எடந்தான புள்ள."

"போர்வெல்லுக்குத்தான் பொண்ணு கேக்கறாங்களாட்ட இருக்குதும்மா."

மூன்று பேர் ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பெட்டி எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு, பேனாவால் நிரப்பியிருந்தார்கள். ஒருவன் ஊட்டியில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் படத்தை வைத்துவிட்டு, எழுத்தே தேவையில்லை என்று விட்டிருந்தான். ஒருவனுக்காக அவன் அக்காள் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்துக்குள் "என் தம்பி மிகவும் சாது" என்று மூன்று இடத்தில்.

"மூணு வாட்டி சாதுன்னா அதுல எதோ இருக்குது. தள்ளி வையி," என்றாள் சாமியாத்தாள்.

பதினான்காவது கவர் மதுக்கரையிலிருந்து வந்திருந்தது. ஜாதகத்தோடு ஒரு முழுத்தாள், இரண்டு பக்கமும் எழுதியது. அதை அவள் முதல் வரியோடு நிறுத்தவில்லை.

"வணக்கம். 'வாசிப்பில் விருப்பம்' என்று போட்டிருந்தீர்கள். கடந்த இரண்டு மாதத்தில் நான் பார்த்த விளம்பரங்களில் வேறு யாரும் அப்படிப் போடவில்லை. என்ன வாசிப்பீர்கள் என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை இல்லை. வரச் சொன்னால் வந்து கேட்கிறேன்.

என் பெயர் அருள்குமார். வயது முப்பத்தொன்று. சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை. அப்பா இல்லை. அம்மாவும் நானும்.

எனக்கு இரண்டு மணிக்கட்டிலும் இடது முழங்கையிலும் வெண்புள்ளி இருக்கிறது. பத்தொன்பது வயதில் வந்தது. மற்றவர்களுக்கு ஒட்டாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஜாதகத்தில் இதற்குக் கட்டம் இல்லை, அதனால் கடிதத்தில் எழுதுகிறேன். முன்பு மூன்று இடத்தில் எல்லாம் பேசி முடித்த பிறகு சொன்னேன். ஓர் இடத்தில் பாதியில் சொன்னேன். இந்தத் தடவை முதலிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

இதைப் படித்த பிறகும் வரச் சொல்வதாக இருந்தால், உங்கள் பதிலில் 'கடிதம் படித்தோம்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் நான் வர மாட்டேன். உங்களையும் சங்கடப்படுத்த மாட்டேன்."

பின்பக்கத்தில் அம்மாவைப் பற்றியும், மதுக்கரையில் மாடிப்படியில் உட்கார்ந்தால் தெரியும் மலையைப் பற்றியும் எழுதியிருந்தது. லோகப்பிரியா அதை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்:

"என்ன புள்ள, சத்தத்தையே காணோம்? அதுல என்ன எழுதியிருக்குது?"

"இதுல சாதகம் மட்டுந்தாம்மா இருக்குது."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து வந்து விழுந்த பிறகுதான் அதை அவளே கேட்டாள். அதற்கு மேல் அந்தத் தாளைக் குண்டூசியில் குத்த முடியவில்லை. நான்காக மடித்துப் பாவாடை நாடாவுக்குள் செருகி, பிறகு பீரோவில் கல்லூரிக் காலத்துச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்தாள்.

அப்பாவை அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் தம்பி கால் விந்தி நடக்கிறான் என்பதற்காக ஓர் இடத்தை வேண்டாம் என்றவர். "பரம்பரையில இருக்கும் அம்மணி" என்றார். இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட்டால் பதினான்காம் நம்பர் ஜோசியர் வீட்டு வாசலைக்கூடப் பார்க்காது. முதலில் ஜாதகம் பார்க்கட்டும் என்று நினைத்தாள். பெரும்பாலும் சேராது. சேராவிட்டால் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

ஜாதகம் சேர்ந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். வெள்ளியங்கிரி ஜோசியர் வீட்டிலிருந்து வந்தபோது கையில் மல்லிகைப் பூவும் பலகாரப் பொட்டலமும் இருந்தன. அவருக்குப் பூ வாங்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

"கடுதாசி ஒண்ணும் வெக்கலியாமா, அம்மா சொன்னா. அது பரவால்ல. பெருமை பேசாத ஆளு. இன்லேண்ட எடு அம்மணி."

அவர் சொன்னார், அவள் எழுதினாள். ஜாதகப் பொருத்தம் நல்லபடியாக உள்ளது. அடுத்த வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேல் தாங்கள் குடும்பத்துடன் வந்து பெண்ணைப் பார்க்கலாம். வழி இன்னபடி. அவர் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டபோது, "இருங்கப்பா, ஒரு வரி உட்டுப்போச்சு" என்றாள். ஓரத்தில், சின்ன எழுத்தில், "கடிதம் படித்தோம்" என்று எழுதினாள். அவர் அதைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அவளே நாக்கால் நனைத்து ஒட்டி, தபால் பெட்டியில் கொண்டு போய்ப் போட்டாள்.

புதன்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தாள். ஒரு நாள் தறிக்கூடத்து வாசலில் நின்று, "அப்பா, அந்த மதுக்கரைக் கவர்ல..." என்று தொடங்கினாள். தறிச் சத்தத்தில் அவர் காதருகே கையை வைத்து "என்ன?" என்றார். முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "ஒண்ணுமில்லீங்க" என்று வந்துவிட்டாள். வந்து பார்க்கட்டும், பேசட்டும், ஆளைப் பிடித்துப் போனால் அப்புறம் அப்பாவே யோசிப்பார் என்று தனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அந்தக் கணக்கில் அவர்கள் வரும்போது என்ன நினைத்துக்கொண்டு வருவார்கள் என்பதை அவள் சேர்க்கவில்லை.

அம்பாஸிடர் காரில் மூன்று பேர் வந்தார்கள். அருள்குமார், அவன் அம்மா பொன்னாத்தாள், தாய்மாமன் செங்கோடன். அருள்குமார் முழுக்கைச் சட்டை போட்டு, கைப்பட்டையில் பொத்தான் போட்டிருந்தான். பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம். சட்டைப் பையில் நீல நிற இன்லேண்ட் கடிதம் ஒன்று துணிக்குள் தெரிந்தது.

"ஏனுங்க, தறி ஓடற ஊடுன்னாங்க, சத்தத்தையே காணமே? எங்களுக்காக நிறுத்திப்போட்டீங்களா?" என்றார் செங்கோடன்.

"எங்களுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாதுங்க. கரண்டுக்காரங்க நிறுத்திப்போட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கரண்டு இல்லாததால் அந்தச் சிரிப்பு வீட்டில் பெரிதாகக் கேட்டது. காப்பித் தட்டோடு லோகப்பிரியா வந்தாள். பொன்னாத்தாள் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. அந்தப் பிடி வழக்கமான பெண் பார்க்கும் பிடி இல்லை. கும்பிடுவதற்குப் பதிலாகக் கையைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

"பையன் ஏதாச்சும் கேக்கறதுன்னா கேக்கட்டுங்க," என்றார் வெள்ளியங்கிரி.

அருள்குமார் நிமிர்ந்து பார்த்தான். "என்ன வாசிப்பீங்க?"

"கெடச்சதெல்லாம் படிப்பேனுங்க. பொட்டலம் கட்டுன பேப்பர்கூட."

"அப்ப என் கடுதாசி பரவால்லீங்க. முழுத்தாள்."

வெள்ளியங்கிரி இது ஏதோ படித்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தார். லோகப்பிரியாவுக்குக் காதில் ரத்தம் ஏறியது. இப்போது சொல்லலாம். இந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிடலாம். சிரிப்பு அடங்கியது.

மின்விசிறி இல்லாமல் கூடம் புழுங்கியது. அருள்குமாரின் நெற்றியில் வியர்வை இறங்கியது. பொன்னாத்தாள் முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னாள்: "கையை மடிச்சு உட்டுக்க கண்ணு. இங்க என்ன, நம்ம ஊடு மாதிரிதான?"

அவன் ஒரு கணம் லோகப்பிரியாவைப் பார்த்தான். பிறகு பொத்தானைக் கழற்றி, கைப்பட்டையை மெதுவாக இரண்டு மடிப்பு மடித்தான். பிறகு அடுத்த கை. பெண் பார்க்கப் போன எந்த வீட்டிலும் அவன் அதுவரை அப்படிச் செய்ததில்லை என்று பின்னால் தெரிந்தது.

சாமியாத்தாள்தான் முதலில் பார்த்தாள். "அடடா, வேலையில இருந்து அப்படியே வந்தீங்களாட்ட இருக்குது தம்பி. கையெல்லாம் சிமெண்டு. அம்மணி, ஒரு சொம்புல தண்ணி கொண்டா, கை கழுவிக்கட்டும்."

செங்கோடன் சிரித்தார். பொன்னாத்தாளும் சிரித்தாள். எல்லாம் தெரிந்த வீட்டில் இப்படி ஒரு வேடிக்கையை எடுத்துப் பேசும் அளவுக்கு மனசு இருக்கிறதே என்று அவள் கண் கலங்கியதை லோகப்பிரியா பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"இது கழுவுனாப் போற சிமெண்டு இல்லீங்க அத்தை," என்றான் அருள்குமார். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பெண் வீட்டுக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளியங்கிரி நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து, அவன் மணிக்கட்டைத் தொடாமல் பார்த்தார். "இது என்னங்க?"

"அதானுங்க, கடுதாசில எழுதியிருந்தமே," என்றார் செங்கோடன்.

"என்ன கடுதாசி?"

"சாதகத்தோட வெச்சிருந்த கடுதாசிங்க. வெவரமா எழுதித்தான் அனுப்புனான்."

"எங்களுக்கு வந்தது சாதகம் மட்டுந்தானுங்க." வெள்ளியங்கிரியின் குரல் தறி ஓடும்போது இருக்கும் அளவுக்கு உயர்ந்தது. "அம்மணி, அந்த அட்டையக் கொண்டா."

லோகப்பிரியா எழுந்தாள். உள்ளே போனாள். பீரோவுக்கும் அட்டைக் கோப்புக்கும் நடுவில் நாலு அடி தூரம். அந்த நாலு அடியில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. கூடத்திலிருந்து "அம்மணி!" என்று மறுபடி கூப்பிட்டார். கோப்பை எடுத்துக்கொண்டு போய் அப்பா கையில் கொடுத்தாள்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதிமூன்றின் பின்னால் கடிதம் இருந்தது. பதினைந்தின் பின்னால் இருந்தது. பதினான்கில் ஜாதகம் மட்டும். அதை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்.

"ஏங்கண்ணு, நாந்தான கவர்ல கோந்து தடவி ஒட்டுனேன்," என்றாள் பொன்னாத்தாள், மகனைப் பார்த்து. "கடுதாசி உள்ள இருந்துச்சு. ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அம்மா, நீங்க பாத்தீங்க, சரி. அப்ப கடுதாசி எங்க? காத்துல போச்சா?" வெள்ளியங்கிரி எழுந்து நின்றார். "நாப்பது வருஷமா துணியோட பொழைக்கறவனுங்க நான். டேமேஜ் பீஸ நடுவுல வெச்சு மடிச்சு, நல்ல பீஸுன்னு தள்ளி உடறவனையெல்லாம் பாத்துட்டேன். அந்த வேலைய எங்ககிட்டயே காட்டறீங்களா?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போனது கேட்டது.

அருள்குமார் அட்டைக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலட்டையில் "வரன்கள்" என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு ஜாதகத்தின் தலையிலும் நம்பர். எல்லாம் ஒரே கையெழுத்து, வலது பக்கம் சாய்ந்த, சின்னச் சின்ன எழுத்து. அவன் கை சட்டைப் பைக்குப் போனது. இன்லேண்ட் கடிதத்தின் மேல் விரல் பட்டது. அப்போதுதான் அவன் லோகப்பிரியாவைப் பார்த்தான். அவள் தரையில் காப்பி சிந்திய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். அதை அவள் வாய்க்குள் கட்டிக்கூட வைத்திருந்தாள்.

அவன் கை பையிலிருந்து வெறுமனே இறங்கியது.

"மாமா, உடுங்க," என்றான் செங்கோடனிடம். "கடுதாசிய நான் வெளிய எடுத்து மறுபடி வெக்க மறந்திருப்பேன். தப்பு என்னுதுதான்."

"நான் ஒட்டுனேன் கண்ணு..."

"அம்மா. எந்திரிங்க."

மடித்த கைப்பட்டைகளை இறக்கி, பொத்தான் போட்டுக்கொண்டான். இடது கைப் பொத்தான் உடனே நுழையவில்லை. அது நுழையும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். காரில் ஏறும்போது பொன்னாத்தாள் திரும்பி வாசலைப் பார்த்தாள். கார் தெருமுனை தாண்டிய கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. பதினாறு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின.

அதற்குப் பிறகு நாற்பது நாள் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லாததை மறுநாள் சொல்வது கடினமாக இருந்தது. மறுநாள் சொல்லாததை அடுத்த வாரம் சொல்வது இன்னும் கடினமாகிப் போனது. வெள்ளியங்கிரியோ, கையை மறைத்துப் பெண் பார்க்க வந்தார்கள் என்று ஊரெல்லாம் சொன்னார். ஜோசியரிடம், நூல் வியாபாரிகளிடம், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். அவர் பொய் சொல்லவில்லை. தனக்கு நடந்தது என்று அவர் நம்பியதைத்தான் சொன்னார்.

நாற்பதாம் நாள் சாமியாத்தாள் ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்தாள். புடவை மாற்றிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்:

"அந்த மதுக்கரைப் பையனுக்குச் சூலூர்ல ஒரு எடம் பேசி வந்துச்சாமா. நம்ம ஊட்டு சங்கதி காதுல உழுந்து அவங்க வேண்டாம்னுட்டாங்களாமா."

"கைக்காகவாம்மா?"

"அதான் இல்ல புள்ள. கை சங்கதி அவங்களுக்கு முன்னமே தெரியுமாமா. பையனே மொதல்ல சொல்லிப்போட்டானாமா. அதுக்கு ஒத்துக்கிட்டாங்களாமா. மறைக்கற ஆளுன்னு இப்பக் கேள்விப்பட்டுத்தான் வேண்டாம்னாங்களாமா."

லோகப்பிரியா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராகத் தறிக்கூடத்துக்குப் போனாள். வாழ்நாள் முழுக்கக் கரண்டு போகட்டும் என்று காத்திருந்தவள், அன்றைக்குக் காத்திருக்கவில்லை.

"அந்தக் கடுதாசி வந்துச்சுங்கப்பா."

அவர் காதருகே கையை வைத்தார்.

"கடுதாசி வந்துச்சு! நாந்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்!"

தறி ஓட்டுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளியங்கிரி அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். கூடத்தில், அன்றைக்கு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார். இரண்டு பக்கத்துக்கும் அரை மணி நேரம் ஆகியிருக்கும். படித்து முடித்த பிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை.

அடிப்பார் என்று அவள் நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் பின்னால் நினைத்தாள்.

"அந்தப் பையன் பாக்கெட்டத் தொட்டான்," என்றார் கடைசியில். "நான் பாத்தேன். பீடி சிகரெட்டு எதோன்னு நெனச்சேன். அதுல என்ன இருந்துச்சு?"

"நம்ம இன்லேண்டுங்க. கடிதம் படித்தோம்னு நான் ஒரு வரி எழுதியிருந்தேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதப் படிச்சிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் அம்மணி. பொய் சொல்லக் கூடாது. ஆனா நாலு நல்ல வார்த்தை எழுதி வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அந்தம்மா முன்னால, அந்தப் பீஸு பேச்சு..." அவர் நிறுத்திக்கொண்டார். "நேர்ல போயி சொல்லிட்டு வாரேன்."

அவர் போகவில்லை. இரண்டு நாள் வேட்டி மாற்றி பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்தார். மூன்றாம் நாள், "நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அவள் எழுத உட்கார்ந்தாள். இருபத்து மூன்று பேர் தனக்கு எழுதிய முதல் வரிகளைப் பார்த்துச் சிரித்தவளுக்கு, ஒரு முதல் வரி வரவில்லை. மன்னிப்பில் தொடங்கினால் தன்னைப் பற்றியே பேசுவதாக இருந்தது. நலம் விசாரித்தால் வெட்கமாக இருந்தது. அப்பாவின் சுபாவத்தில் தொடங்கினால் பழியை அவர்மேல் தள்ளுவதாக இருந்தது. ஆறு தாள் கிழித்தாள். அவன் எப்படி எழுதினான் என்று யோசித்தாள். எதைச் சொல்லப் பயமோ அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் அவன் மலையைப் பற்றி எழுதினான்.

ஏழாவது தாளில் எழுதினாள்: "கடிதம் வந்தது. கவரில் இருந்தது. பிரித்துப் படித்தது நான், எடுத்து ஒளித்து வைத்ததும் நான். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அருள்குமார் எதையும் மறைக்கவில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்."

"யார் பேருக்கு அம்மணி போடறே?" என்றார் வெள்ளியங்கிரி.

"அவரு பேருக்குத்தானுங்க..."

"வேண்டாம். அவங்கம்மா பேருக்குப் போடு. கோந்து ஒட்டுனேன்னு சொன்ன மனுசியத்தான் நான் பொய்யாக்குனது."

அவள் பொன்னாத்தாளின் பெயரை எழுதி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். வெள்ளியங்கிரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தார். அதற்குப் பிறகுதான் அவரும் கீழே கையெழுத்துப் போட்டார். அருள்குமாரின் முழுத்தாளையும் உள்ளே வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்கள். பொன்னாத்தாள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

செங்கோடன் அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேச்சு எழுந்த இடத்திலெல்லாம் எடுத்துக் காட்டினார் என்று கேள்வி. சூலூர் இடம் திரும்பி வரவில்லை. அருள்குமார் தொண்ணூற்றேழில் பொள்ளாச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியைக் கட்டினான். அவனுக்கு இரண்டு பெண்கள். அந்தக் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பொன்னாத்தாள் இறந்துபோனாள். வெள்ளியங்கிரி தறிகளை விற்றுவிட்டுப் பக்கவாதத்தில் இரண்டு வருஷம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். லோகப்பிரியா தொண்ணூற்றெட்டில், பேப்பர் விளம்பரம் இல்லாமல், அத்தை வழியில் வந்த ஓர் இடத்தில் திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டாள். புருஷன் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், நல்ல மனிதர். நடந்ததை அவரிடம் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். சாமியாத்தாள் இப்போது அவளோடுதான் இருக்கிறாள்.